எண்ணுகிறவள் நிற்கும் இடம்

"செத்துப்போனவளுக்கு பஸ் டிக்கெட்டு எடுத்துக் குடுத்தீரோ, அண்ணாச்சி?"

பிலோமி இவ்வாறு கேட்டபோது சுடலைமணிக்குச் சினம் வந்திருக்க வேண்டும். ஆனால் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் ஓர் உதவியைக் கேட்டு நிற்பவருக்குச் சினம் கொள்ளும் உரிமை இல்லை அல்லவா? அவர் கையிலிருந்த இன்லண்டு கடிதத்தை மேலும் ஒருமுறை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"போடிக்குப் போயிருக்கான்னு மட்டும் சொல்லு பிள்ள. தங்கச்சி மகளுக்குச் சடங்குன்னு சொல்லு."

"எந்தத் தங்கச்சி? தங்கபுஷ்பத்துக்குத்தான் கூடப்பொறந்ததே கெடையாதே."

"அது அவங்களுக்குத் தெரியுமா?"

"மாதாவே, இந்தப் பொய்யில எனக்குப் பங்கு வேண்டாம்" என்று பிலோமி நெற்றியிலும் மார்பிலும் சிலுவை வரைந்துகொண்டாள். பிறகு, "எத்தன பேரு வாராங்க? மீனு வாங்கணுமா?" என்று கேட்டாள். அதிலிருந்து அவள் இணங்கிவிட்டாள் என்பதைச் சுடலைமணி அறிந்துகொண்டார்.

வரவிருந்தவர்கள் இருவர். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் குப்பண்ணனும் அவருடைய மனைவி நாச்சம்மாளும். அவர்களைச் சுடலைமணி இதுவரை நேரில் கண்டதில்லை. எனினும் இரண்டு ஆண்டுகளில் பத்தொன்பது கடிதங்கள் வந்திருந்தன. பத்தொன்பது கடிதங்கள் போயிருந்தன. உலகத்தில் அவருக்குக் கடிதம் எழுதுகிற மனிதர் குப்பண்ணன் ஒருவரே. அந்த ஒருவரைத்தான் அவர் நாளை இழக்கக்கூடும்.

சுடலைமணி தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தொரு ஆண்டுகள் வயர்மேனாகப் பணியாற்றியவர். ஓய்வு பெற்ற ஆண்டிலேயே மனைவி தங்கபுஷ்பம் தேனி மருத்துவமனையில் பதினொரு நாள் கிடந்து இறந்துபோனாள். பிள்ளைகள் இல்லை. எஸ்டேட்டு லயத்து வீட்டைக் காலி செய்துகொடுத்துவிட்டு, சின்னக்கானல் கடைத்தெருவுக்கு மேலே, பிலோமியின் வீட்டோடு ஒட்டியிருந்த இரண்டு அறைகளில் வாடகைக்குக் குடியேறினார். தங்கபுஷ்பம் அந்த வீட்டைக் கண்டதே இல்லை. அங்கே அவளுடையது என்று இருந்தது சுவரில் மாட்டிய படம் ஒன்றுதான்.

அவள் இறந்த ஐந்தாம் மாதம், மூணாறில் ஒரு பழைய ஸ்டூடியோவை இடிப்பதாகக் கேள்விப்பட்டு, பீங்கான் பல்பு ஹோல்டர்கள் கிடைக்குமா என்று பார்க்கப் போனார். ஹோல்டர்கள் ஒரு தேக்குப் பெட்டிக்குள் இருந்தன. பெட்டியின் மேலே தடித்த கண்ணாடி. கண்ணாடிக்கு மேலே கம்பளி ஒட்டிய மூடி. உள்ளே அறுபது வாட் பல்புகள் நான்கு. ஓரத்தில், இருட்டில் கண் தெரிவதற்கென்று, ஆரஞ்சு நிறத்தில் ஒரு சிறு பல்பு. கண்ணாடியின்மீது நெகட்டிவை வைத்து, அதன்மீது தாளை வைத்து, மூடியை அழுத்தினால் விளக்கெரியும். நெகட்டிவின் அளவிலேயே படம் பதியும். ஹோல்டர்களைக் கழற்ற மனமில்லாமல் பெட்டியை அப்படியே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஸ்டூடியோவில் குப்பையாகக் கிடந்த நெகட்டிவ் கட்டு ஒன்றையும் எடுத்துவந்தார். யார் யாரோ மணமக்கள், யார் வீட்டுக் குழந்தைகளோ, யாரென்றே தெரியாத கங்காணிகள்.

அந்தப் பெட்டி எந்தத் தாளுக்காகச் செய்யப்பட்டதோ அந்தத் தாள் இப்போது கடைகளில் இல்லை. அது மந்தமான தாள். நான்கு பல்புகளின் வெளிச்சத்தைப் பத்து இருபது வினாடி குடித்தால்தான் கறுக்கும். இன்று கொச்சியிலிருந்து கூரியரில் வருகிற தாளோ அதைப்போல நூறு மடங்கு கூர்மையானது. சுடலைமணியின் முதல் தாள் அடுப்புக்கரியைப் போலக் கறுத்தது. மூன்று பல்புகளைக் கழற்றினார், கறுத்தது. ஜீரோ வாட் பல்பு போட்டார். முகம் எது, முக்காடு எது என்று தெரியாத அளவுக்குக் கறுத்தது. மின்விசிறி ரெகுலேட்டரை இணைத்து வெளிச்சத்தைத் தணித்துப் பார்த்தார். தணிந்த வெளிச்சம் மஞ்சளானது. மஞ்சள் வெளிச்சத்தில் இந்தப் புதுத்தாள் உயிரில்லாத, கஞ்சித்தண்ணீர் போன்ற படத்தையே தரும் என்பதை அப்போதுதான் கற்றார். இறுதியில் பெட்டியின் அடிப்பலகையை அறுத்தெடுத்து, தேயிலைப் பெட்டியின் பிளைவுட்டால் கீழே ஒன்றரை அடி கூட்டி, பல்பை அந்த ஆழத்தில் இறக்கினார். பல்புக்கும் கண்ணாடிக்கும் இடையே பேக்கரியில் கேக்குக்கு அடியில் விரிக்கும் எண்ணெய்த்தாள் நான்கைப் பரப்பினார். நான்கு எண்ணும் நேரத்தில் படம் விழுந்தது. காது குத்தும் நாளில் அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தை. அந்தக் குழந்தை யாரென்று அவருக்குத் தெரியாது. ஆயினும் அதை எவரிடமாவது காட்ட வேண்டும் என்று தோன்றியது. பிலோமியிடம் காட்டினார். "இது ஆரு பிள்ள?" என்று கேட்டாள். தெரியாது என்றார். "தெரியாத பிள்ளைய வச்சு என்ன செய்யதுக்கு?" என்று சொல்லிவிட்டுக் கொழுந்தெடுக்கப் போய்விட்டாள்.

தாள் அனுப்பும் கொச்சிக்காரர்தான் ஒருநாள், "கொழிஞ்சாம்பாறையிலும் உங்களைப் போல ஒருவர் இதே பெட்டியோடு மல்லுக்கட்டுகிறார்" என்று முகவரி தந்தார். இவ்வாறுதான் கடிதங்கள் தொடங்கின. தொலைபேசி உதவவில்லை. குப்பண்ணனுக்கு இரண்டு காதும் மந்தம். மேலும், சாம்பல் நிறத்தின் அளவைப் போனில் படம்பிடித்து அனுப்பினால் அது பார்ப்பவரின் போனைப் பொறுத்து மாறிவிடும். ஆகவே சோதனைத் துண்டுகளை வெட்டி உறையிலிட்டுத் தபாலில் அனுப்பிக்கொண்டார்கள்.

பொய் இரண்டாவது கடிதத்தில் பிறந்தது.

பழைய முறையில் மூடியை இறக்கினாலே விளக்கு எரியும். புதுத்தாளுக்கு அது ஆகாது. மூடி முழுவதும் படிவதற்குள் பாதிப்படம் பதிந்து, ஓரங்கள் மங்கிவிடும். மூடியின் கம்பளியும் பூச்சி அரித்தது. இரண்டு மூலைகளையும் இரு கைகளால் அழுத்தினால்தான் தாள் படியும். இவற்றைச் சுடலைமணி விளக்கியிருந்தார். அதற்குக் குப்பண்ணன், "ஒரு கை இந்த மூலையில், மறு கை அந்த மூலையில். சுவிட்சைப் போட மூன்றாவது கைக்கு நான் எங்கே போவது? நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?" என்று கேட்டு எழுதினார்.

உண்மையான விடை எளிது. தொழிற்சாலையில் கழித்துப்போட்ட மிதிசுவிட்சு ஒன்றைச் சுடலைமணி தரையில் பொருத்தியிருந்தார். கைகள் மூடியை அழுத்தும், கால் மிதிக்கும், வாய் எண்ணும். இதை எழுத உட்கார்ந்தவர், வீட்டில் வேறு எவரும் இல்லை என்று எழுதுவதற்கு அது சமம் என்பதை உணர்ந்தார். பேனா நின்றது. பிறகு எழுதினார்: "சுவிட்சைப் போடுவதும் எண்ணுவதும் என் மனைவி தங்கபுஷ்பம்."

எழுதிய பிறகு வீடு சற்றே நிறைந்தாற்போல் இருந்தது. அடுத்த கடிதத்தில் தங்கபுஷ்பம் நலம் விசாரிக்கப்பட்டாள். அதற்கடுத்த கடிதத்தில் அவள் ஒரு கருத்துச் சொன்னாள். குப்பண்ணனின் படங்களில் வெள்ளை வேட்டியெல்லாம் சாம்பல் பூசியது போல வந்துகொண்டிருந்தபோது, அதன் காரணத்தைக் கண்டுபிடித்தவளும் அவளே. பெட்டிக்குள் இருக்கும் ஆரஞ்சு பல்பின் வெளிச்சத்தில் ஒரு தாளை விரித்து, அதன்மீது ஒரு நாணயத்தை ஐந்து நிமிடம் வைத்தாள். தாளைக் கழுவிப் பார்த்தபோது நாணயம் இருந்த இடம் வெள்ளையாகவும் மற்ற இடம் சாம்பலாகவும் இருந்தது. பழைய தாளுக்கு ஊறு செய்யாத அந்தப் பல்பு புதுத்தாளைக் கெடுக்கிறது. அதைக் கழற்றிவிட்டு அடர்சிவப்பு எல்.ஈ.டி. பொருத்துக என்று அவள் சொன்னதாகச் சுடலைமணி எழுதினார். தாம் கண்டவற்றுள் சிறந்தவற்றையெல்லாம் அவர் அவளுக்கே கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வந்திருக்க வேண்டிய விருந்தினர் ஒரு மணிக்கு வந்தார்கள்.

"யான ரோட்டுல நின்னுக்கிச்சுங்க" என்றாள் நாச்சம்மாள். பருத்த உடலும் உரத்த குரலும் உடையவள். குளிருக்குக் கணவனின் துண்டைத் தலையில் கட்டியிருந்தாள். "டிரைவரு இறங்கிப் பீடி பத்தவெச்சுட்டாருங்க. யானையப் பாக்க நாங்க வரலீங்க, அந்தம்மாவப் பாக்க வந்தம்னு சொன்னன். கேட்டாத்தானுங்களே. எங்கீங்க அவங்க?"

சுடலைமணி முந்தைய நாள் முழுவதும் மனப்பாடம் செய்திருந்ததைச் சொன்னார். "போடிக்குப் போயிருக்கா, மைனி. திடீர்னு வரச்சொல்லிட்டாங்க. தங்கச்சி மகளுக்குச் சடங்கு."

நாச்சம்மாளின் முகம் வாடியது. அவள் பையைத் திறந்தாள். பொள்ளாச்சியில் வாங்கி, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்த மல்லிகைச் சரம்; மஞ்சளும் குங்குமமும் வைத்த ரவிக்கைத் துணி; நிலக்கடலை; பத்துத் தேங்காய். "பூவு வாடிப்போயிருமேங்க" என்றாள்.

"என்ன சொல்றாரு?" என்று குப்பண்ணன் கையைக் காதருகே குவித்தார். ஒல்லியான, எப்போதும் ஏதோ நகைச்சுவையைக் கேட்கத் தயாராக இருப்பவரைப் போன்ற முகமுடைய மனிதர்.

"போடிக்குப் போயிட்டாங்களாமா!"

"ஜோடிக்கா?"

"போடீ! போடிநாயக்கனூரு!"

"அட. அப்ப ஆரு எண்ணுவாங்க?" என்றார் குப்பண்ணன். தம் கேள்விக்குத் தாமே சிரித்தார். "ஏனுங்க தம்பி, எங்கூட்டுல எப்பிடித் தெரியுங்ளா? எனக்குத்தான் காது கேக்காதுங்களே. இவ எண்ணறப்ப முதுகுல தட்டுவா. நாலு தட்டு. நாலாவது தட்டுல சுவிட்ச நிறுத்தீருவா. சில நாளைக்குக் கோவமா இருந்தான்னு வைங்க, அந்த நாலும் நெம்ப உறைக்கும்."

"பொய் சொல்றாருங்க" என்றாள் நாச்சம்மாள். ஆனால் மகிழ்ச்சியோடு சொன்னாள்.

பிலோமி மீன்குழம்பும் மரவள்ளிக்கிழங்கும் கொண்டுவந்தாள். உண்ணும்போது நாச்சம்மாள் அவளிடம், "அந்தம்மா எப்பிடிப்பட்டவங்க?" என்று கேட்டாள்.

பிலோமி சுடலைமணியை ஓரக்கண்ணால் பார்த்தாள். "தங்கமான பொம்பளைங்க. நானும் அவளும் ஒரே நெரையில கொழுந்தெடுத்தவங்க. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். இப்பல்லாம் சத்தமே இல்ல" என்று சொல்லி, குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு அவசரமாக வெளியேறினாள்.

உண்டு முடித்ததும் குப்பண்ணன் தம் கைப்பையிலிருந்து ஒரு நெகட்டிவை எடுத்தார். ஒரு திருமணக் கூட்டம். முப்பதுக்கு மேற்பட்ட தலைகள். அவர் பெட்டியில் அதன் இடது ஓரம் எப்போதும் மங்கலாகவே விழுகிறதாம். சின்னக்கானல் பெட்டியில் எப்படி விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

இருட்டறை என்பது சமையலறையை ஒட்டிய குளியலறை. அகலம் நான்கடி, நீளம் ஆறடி. இடப்புறம் பெட்டி, வலப்புறம் மருந்துத் தட்டுகள் மூன்று அடுக்கிய பலகை. சனிக்கிழமையன்று சுடலைமணி இந்த அறையை விருந்தினருக்காக ஆயத்தம் செய்திருந்தார். சுவரிலிருந்த தங்கபுஷ்பத்தின் மாலையிட்ட படத்தைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் வைத்ததைப் போலவே, தரையிலிருந்த மிதிசுவிட்சையும் கழற்றி மறைத்தார். அதற்குப் பதிலாக, எண்ணுகிறவள் போடுவதற்கென்று பெட்டிக்கு அப்பாலுள்ள சுவரில் ஒரு கைசுவிட்சைப் பொருத்தினார். கம்பிகள் சுவரோடு நேராகப் படிந்திருந்தன; ஆணிகள் ஒரே இடைவெளியில் இருந்தன. எந்த மேற்பார்வையாளரும் குறை காணமுடியாத வேலை.

சிவப்பு விளக்கு எரிந்தது. எண்ணுவதற்கு நாச்சம்மாள் உள்ளே வந்தாள். குப்பண்ணன் வாசலில் நின்று, பின்புறத்துத் திரையை இழுத்துவிட்டுக்கொண்டார். சுடலைமணி நெகட்டிவை வைத்தார், தாளை வைத்தார், மூடியை இறக்கி இரண்டு மூலைகளையும் அழுத்தினார்.

"மைனி, சுவிட்சப் போடுங்க. நாலு எண்ணிட்டு நிறுத்திருங்க."

"போடறனுங்க" என்றாள் நாச்சம்மாள். சிறிது நேரம் சேலை உரசும் ஓசை மட்டும் கேட்டது. "நான் எங்கீங்க நிக்கறது?"

"அங்கனதான். சுவருகிட்ட."

அவள் பெட்டிக்கும் பலகைக்கும் இடையே பக்கவாட்டில் நுழைய முயன்றாள். அந்த இடைவெளி ஒரு சாண். தட்டிலிருந்த மருந்து தளும்பிச் சிந்தியது. அவள் பின்வாங்கி, சுடலைமணியின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிப் பார்த்தாள், எட்டவில்லை. குனிந்து அவருடைய கைகளுக்குக் கீழே நீட்டினாள், பெட்டி தடுத்தது.

"எட்டலீங்களே. நானாவது தடி. உங்கூட்டம்மா ஒல்லியா இருந்தாக்கூட இங்க நிக்க முடியாதேங்க."

சுடலைமணி அசையாமல் நின்றார். கம்பி போகும் வழியையெல்லாம் சிந்தித்தவர், ஒரு மனித உடல் நிற்க வேண்டிய இடத்தைச் சிந்திக்கவே இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கிய அதே கணத்தில், மூடியை அழுத்தியிருந்த கைகளின் பழக்கத்தால், அவருடைய வலது கால் தானாக உயர்ந்து வெறுந்தரையை மிதித்தது. ஒருமுறை. மறுமுறை.

நாச்சம்மாள் கீழே பார்த்தாள். "உங்க காலு என்னத்தத் தேடுதுங்க?"

அவர் காலைத் தரையில் ஊன்றினார்.

"ஏனுங்ண்ணா. அவங்க எங்க நிப்பாங்க?"

"நிக்க மாட்டா, மைனி" என்றார் சுடலைமணி. குரல் அவருக்கே கேட்கவில்லை. "அவ போயி மூணு வருசத்துக்கு மேல ஆச்சு. தேனி ஆசுபத்திரியில. இந்தப் பெட்டிய அவ பாத்ததே இல்ல."

"என்னன்னு சொல்றாரு?" என்று வாசலிலிருந்து குப்பண்ணன் கேட்டார்.

நாச்சம்மாள் சுவிட்சுக்கு நீட்டியிருந்த கையை இழுத்துக்கொண்டாள்.

"என்னங்கறன்? சுவிட்சு ரிப்பேருங்களாமா?"

"அந்தம்மா செத்துட்டாங்களாமா!" என்றாள்.

"ஆரு?"

"அந்தம்மா! தங்கபுஷ்பம்! செத்து மூணு வருசமாச்சுங்களாமா!"

ஆறடி நீளமுள்ள அந்த அறைக்குள் அத்தனை உரத்த குரலில் அது சொல்லப்பட்டது. மூன்று ஆண்டுகளாகச் சுடலைமணி எவரிடமும் வாய்விட்டுச் சொல்லாத சொற்கள் சிமெண்டுச் சுவர்களில் மோதித் திரும்பின. குப்பண்ணன் திரையை விலக்கினார். பகல் வெளிச்சம் உள்ளே பாய்ந்தது. மூடிக்கடியில் இருந்த தாளும், பலகையின்மேல் திறந்து கிடந்த உறையிலிருந்த தாள்கள் எல்லாமும் வீணாயின. அதை அங்கிருந்த மூவரும் அறிந்தார்கள்.

அவர்கள் முன்னறையில் வந்து அமர்ந்தார்கள். நாச்சம்மாள் படத்தைக் கேட்டாள். சுடலைமணி கட்டிலுக்கடியிலிருந்து எடுத்து, துடைத்துக் கொடுத்தார். அவள் நீண்ட நேரம் பார்த்தாள்.

"அப்ப அந்தக் காசு வெச்சுப் பாத்தது?"

"நாந்தான்."

"எண்ணெத் தாளு?"

"அதும் நாந்தான், மைனி."

"நான் ஒருக்கா அஞ்சு எண்ணிப் படத்தக் கெடுத்துப்போட்டனுங்க. அன்னைக்கு இவரு என்ன சொன்னாருங்கறீங்க? 'சின்னக்கானல் அம்மாவப் பாரு, ஒரு நாளாச்சும் தப்பா எண்ணியிருப்பாங்களா'ன்னாரு. மூணு நாளைக்கு நான் பேசல. பொறவு, அவங்களவிட நல்லா எண்ணிக்காட்டறன்னு மறுக்காப் போயி நின்னன்." அவள் படத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "செத்துப்போன பொம்பளையோட ரெண்டு வருசமா மல்லுக்கட்டீட்டு இருந்திருக்கறனுங்க நானு."

குப்பண்ணனின் முகத்தில் இப்போது நகைச்சுவைக்கான ஆயத்தம் இல்லை. "ஒவ்வொரு கடுதாசியிலயும் அந்தம்மாவக் கேட்டன்னு சொல்லுங்கன்னு எழுதுனனே தம்பி" என்றார் மெதுவாக. "அதப் படிக்கறப்ப உங்களுக்கு எப்பிடி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு, அண்ணாச்சி" என்றார் சுடலைமணி.

குப்பண்ணன் காதருகே கையைக் குவித்தார். சுடலைமணி மறுமுறை சொல்லவில்லை. நாச்சம்மாளும் எடுத்துச் சொல்லவில்லை.

மூன்று மணிப் பேருந்துக்கு அவர்கள் புறப்பட்டார்கள். நாச்சம்மாள் ரவிக்கைத் துணியைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டாள். "குடுத்தா உடுத்தறதுக்கு ஆளு வேணுமேங்க" என்றாள். கோபத்தோடு சொன்னதாகத் தோன்றவில்லை. கோபம் இல்லாமல் சொன்னதாகவும் தோன்றவில்லை. தேங்காய்களையும் கடலையையும் விட்டுச் சென்றாள். மல்லிகை நாற்காலியின்மேல் கிடந்தது. பேருந்து கிளம்பும்போது குப்பண்ணன் சன்னலிலிருந்து கையைத் தூக்கினார், அசைக்கவில்லை.

மாலையில் பிலோமி வந்து, "சத்தம் எங்க வீட்டு அடுப்பு வரைக்கும் கேட்டுச்சு" என்றாள். அவர் மல்லிகையை எடுத்து நீட்டினார். அதை அவள் கோயிலில் மாதாவுக்குச் சாத்துவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டாள். படம் மீண்டும் சுவரில் ஏறியது. மிதிசுவிட்சு மீண்டும் தரையில் இறங்கியது. கைசுவிட்சைக் கழற்றிய இடத்தில் ஆணித்துளைகள் நின்றன. அவர் அந்த வாரம் படம் எதுவும் போடவில்லை. தாள் இல்லை என்பது ஒரு காரணம். போட்டால் யாருக்கு அனுப்புவது என்பது மற்றொன்று.

இருபத்துமூன்றாம் நாள் கடிதம் வந்தது. சுடலைமணி அதை உடனே பிரிக்கவில்லை. கை கழுவி, கண்ணாடி அணிந்து, கட்டிலில் அமர்ந்து பிரித்தார். எப்போதும் இரண்டு பக்கம் எழுதுபவர் இம்முறை ஏழு வரிகள் எழுதியிருந்தார். "நாச்சம்மாள் இருட்டறைக்கு வருவதில்லை. இல்லாதவளைப் பார்த்துப் படித்த வேலை எனக்கு வேண்டாம் என்கிறாள். நானும் இரண்டு முறை அழைத்துப் பார்த்துவிட்டேன். தங்கள் கால் தரையில் எதையோ தேடியதாக அவள் சொன்னாள். மிதிசுவிட்சாக இருக்கும் என்று எண்ணுகிறேன். அதன் படத்தை வரைந்து, கம்பி இணைக்கும் முறையை எழுதி அனுப்பவும். தனியாகச் செய்யப் பழகிக்கொள்கிறேன்."

சுடலைமணி உடனே காகிதம் எடுத்து, அளவுகோல் வைத்து, மிதிசுவிட்சை வரையத் தொடங்கினார். நட்பு அறுபடவில்லை என்னும் நிம்மதி அவருடைய கையை விரைவுபடுத்தியது. மேலிருந்து ஒரு தோற்றம், பக்கத்திலிருந்து ஒரு தோற்றம், கம்பிகளுக்குச் சிவப்பும் கறுப்பும். பாதி வரைந்தபோது, அந்தத் தென்னந்தோப்பு வீட்டின் இருட்டறை மனக்கண்ணில் எழுந்தது. ஒல்லியான மனிதர் மூடியை அழுத்திக்கொண்டு நிற்கிறார். கடிகாரத்தின் ஓசைகூடக் கேளாத காதுகள். கால் மிதிக்கிறது. முதுகில் எவரும் தட்டவில்லை.

அவர் படத்தை முழுமையாக வரைந்தார். குறையாக விடுவது அவருடைய இயல்பன்று. பிறகு அதை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, வேறொரு காகிதத்தை எடுத்தார். நாச்சம்மாளுக்கு அவர் எழுதிய முதல் கடிதம் அது. நான்கு முறை எழுதிக் கிழித்தார். ஐந்தாவது இது:

"மதிப்பிற்குரிய மைனி அவர்களுக்கு, தங்கபுஷ்பம் தன் வாழ்நாளில் எனக்காக ஒருமுறைகூட எண்ணியதில்லை. சம்பள நாளில்கூடப் பணத்தை எண்ணாமல்தான் முந்தியில் முடிந்துகொள்வாள். இருட்டு அவளுக்கு ஆகாது. உயிரோடு இருந்திருந்தாலும் அந்த அறைக்குள் வந்திருக்க மாட்டாள். நான் எழுதியவள் என் மனைவியல்லள், அவள் யாருமல்லள். ஆகையால் நீங்கள் எவரையும் பார்த்துப் படிக்கவில்லை. இப்படியொரு பெட்டியின் முன் நின்று உண்மையாக நான்கு எண்ணிய பெண் நீங்கள் ஒருவரே. என்னை மன்னிக்காவிட்டாலும் எண்ணுவதை விட்டுவிடாதீர்கள்."

குப்பண்ணனுக்குத் தனியே மூன்று வரிகள் எழுதினார். இக்கடிதத்தை முதலில் மைனியிடம் கொடுக்கவும்; அதன் பிறகும் அவர் வர மறுத்தால் ஒரு வரி எழுதவும்; படம் வரைந்து ஆயத்தமாக வைத்திருக்கிறேன், மறுதபாலில் அனுப்புகிறேன்.

தபால் பெட்டியில் உறை விழுந்த ஓசையைக் கேட்ட பிறகுதான் தாம் செய்தது என்ன என்பதை அவர் முழுமையாக உணர்ந்தார். இனிக் கடிதம் வந்தால், நாச்சம்மாள் திரும்பவில்லை என்று பொருள். அவள் திரும்பியிருந்தால் மிதிசுவிட்சின் படம் வேண்டியிராது; குப்பண்ணன் எழுத வேண்டிய தேவையே இல்லை. கடிதம் வராமலிருந்தால் அது நல்ல செய்தியாக இருக்கலாம். அல்லது இருவரும் அவரை அடியோடு விட்டுவிட்டார்கள் என்பதாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்று அறிய வழியில்லை. கேட்டு எழுதலாம். எழுதினால், விடை எழுதச் சொல்லி அவர்களை வற்புறுத்துவதாகும். அவர் எழுதவில்லை.

கொச்சியிலிருந்து புதிய தாள் வந்தது. நெகட்டிவ் கட்டிலிருந்து ஒரு கங்காணியை எடுத்துப் படம் போட்டார். வெள்ளை வெள்ளையாகவும் கறுப்பு கறுப்பாகவும், மீசையின் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகவும் விழுந்தது. இதுவரை போட்டவற்றுள் இதுவே சிறந்தது. அதை ஈரத்தோடு கொடியில் மாட்டிவிட்டு, காயும்வரை எதிரே ஸ்டூலில் அமர்ந்திருந்தார்.

தபால்காரி டின்சி பதினொரு மணிக்கு ஸ்கூட்டரில் வருவாள். முதல் வாரம் அவரைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். ஆறாவது வாரம் வண்டியை நிறுத்தினாள்.

"சேட்டா, இன்னைக்கும் லெட்டர் ஒண்ணும் இல்லாட்டோ."

"நல்லது" என்றார் சுடலைமணி.

"லெட்டர் இல்லேன்னா நல்லதா? எல்லாரும் என்னைத் திட்டுவாங்க. சேட்டன் மட்டும் நல்லதுன்னு பறையுது."

"நல்லதுதான், மோளே. நீ போ."

அவள் சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினாள். மூடுபனி கடைத்தெருவரைக்கும் இறங்கியிருந்தது. ஸ்கூட்டரின் பின்விளக்கு வளைவில் சிவந்து மறைந்தது. சுடலைமணி உள்ளே போகத் திரும்பினார். பிறகு, பெரிய உறை எதிலாவது ஒரு சிறு உறை ஒட்டிக்கொண்டு பையின் அடியில் தங்கியிருக்கவும் கூடும் என்று தோன்றியது. அவள் எஸ்டேட்டின் மேல் டிவிஷனுக்குப் போய்த் திரும்ப முக்கால் மணி நேரமாகும். அவர் மஃப்ளரைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, சாலையோரத்திலேயே நின்றார்.